பிச்சாவரம் முதல் கோடிக்கரை வரை: ஐந்து நாள் கடற்கரைப் பயணத்தை நடத்துவது எப்படி

சீர்காழிப் பக்கத்துப் பள்ளியொன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு தை, மாசியிலும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, சிதம்பரத்தில் ஆரம்பித்துக் கோடிக்கரை வரை வேனில் கூட்டிப்போய் வருகிறேன். எல்லாமாகச் சுமார் 150 கிலோமீட்டர்தான். விரட்டினால் ஒரே நாளில் ஓட்டிவிடலாம். ஆனால் அப்படிப் போனால் சாலையைத்தான் பார்த்திருப்பீர்கள், கரையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் குடும்பத்தையோ அலுவலக நண்பர்களையோ நீங்களே கூட்டிப்போக நினைத்தால், நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் என் தவறு. முதல் பயணத்தை இரண்டே நாளில் முடிக்கத் திட்டம் போட்டேன். காலையில் பிச்சாவரத்தில் படகு, அங்கிருந்து நேராகச் சிதம்பரம் கோயில். படகுக்கு வரிசையில் நின்றதில் நேரம் போய்விட்டது. கோயில் வாசலுக்கு வந்தபோது நடை சாத்தி இருபது நிமிடம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், எழுபது வயதிருக்கும். நடராஜரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர். "பரவாயில்ல டீச்சர், இன்னொரு தடவை வரேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். இந்தக் கரையில் கோயிலும் கடலும் காலைக்கும் மாலைக்கும் உரியவை. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவார்கள், மணலும் கொதிக்கும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை சாப்பாடு, தூக்கம், அப்புறம் வேனில் அடுத்த ஊருக்கு நகர்வது. அந்த நேரத்தில் எதையும் பார்க்கத் திட்டமிடாதீர்கள்.

பயணத்துக்கு நல்ல காலம் தை நடுவிலிருந்து மாசி நடு வரை, அதாவது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, புயல் பயம் வேறு. பங்குனிக்கு மேல் வெயில் தாங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கும், துறைமுகம் வெறிச்சோடியிருக்கும். தை, மாசியில் போனால் கோடிக்கரையில் பறவைகளும் இருக்கும், வேதாரண்யத்தில் உப்பு வேலையும் தொடங்கியிருக்கும்.

கிளம்பும் கிழமையும் முக்கியம். நான் செவ்வாய்க்கிழமையில் ஆரம்பிப்பேன். எல்லோரும் திங்கள் இரவே சிதம்பரம் வந்துவிட வேண்டும். செவ்வாயில் ஆரம்பித்தால் தரங்கம்பாடிக் கோட்டைக்குப் புதன், வியாழனில் போய்விடலாம். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வியாழன் மாலை நாகூரில் இருப்போம். தர்காவில் கூட்டமும் களையும் அன்றைக்குத்தான்.

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பதின்மூன்றாவது ஆளுக்கு நீங்கள் பேசுவது காதில் விழாது. வேன் பேசும்போதே, காரைக்கால் எல்லைக்குள் போக பெர்மிட் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். (டீசல் விலை அங்கே குறைவு, டிரைவர் தம்பி அங்கே போய்த்தான் டேங்க்கை நிரப்புவார்.) இன்னொன்று கழிப்பறை. ஒவ்வொரு காலையும் கிளம்பும்போதே "அடுத்தது எங்கே, எத்தனை மணிக்கு" என்று சொல்லிவிடுங்கள். வயதான பெண்கள் பலர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மூன்றாம் நாள் தலைசுற்றல் வரும்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொருளைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டுங்கள், ஒரே ஒன்று போதும். மீதி வரலாற்றை வேனில் சொல்லிக்கொள்ளலாம்.

பிச்சாவரத்தில் அந்த ஒன்று ஓர் இலை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள காயலில் வளர்ந்த அலையாத்திக் காடு அது. படகுத்துறை திறந்ததுமே போய்விடுங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகலான கால்வாய்க்குள் நுழைந்து, இரு பக்கமும் சுரபுன்னையின் வேர்கள் விழுதுபோலத் தண்ணீரில் ஊன்றி நிற்கும் இடத்துக்கு வந்ததும், துடுப்பைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். நண்டு ஓடும் சத்தம்கூடக் கேட்கும். அப்புறம் வெண்கண்டல் இலை ஒன்றைக் காட்டித் தரச் சொல்லி, அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. உற்றுப் பார்த்தால் இலைமேல் பொடிப்பொடியாக உப்பு தெரியும். உவர்நீரில் மரம் எப்படிப் பிழைக்கிறது என்று அரைமணி நேரம் பேசினாலும் இது கிடைக்காது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இலையைப் படகுக்காரர் காட்டித் தராமல் யாரும் பறிக்கக் கூடாது. அதே காட்டில் தில்லை மரமும் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். காலையில் மரத்தைப் பார்த்துவிட்டு மாலையில் தில்லை நடராஜர் முன்னால் நிற்கும்போது, அந்தப் பெயர் வேறு மாதிரி காதில் விழும்.

மதியம் சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு கிடைக்கும் இடமாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். மாலை நடை திறந்ததும் கோயில். கோபுர வாசலின் உட்சுவரில் நடன நிலைகளான 108 கரணங்களும் சிற்பமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். கூட்டத்தில் பரதம் படித்த பிள்ளை யாராவது இருந்தால், ஒரு கரணத்தைப் பார்த்து அதேபோல நின்று காட்டச் சொல்லுங்கள்.

புதன்கிழமை சீர்காழி வழியாகப் பூம்புகார். வழியில் திருவெண்காடு வரும். புதன் ஸ்தலம் என்பதால் அன்று கூட்டம் அலைமோதும், நான் நிறுத்துவதில்லை. அங்கே கிடைத்த சோழர்காலச் செப்புத் திருமேனியான ரிஷபவாகனரைப் பார்க்க ஆசையிருந்தால் தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

பூம்புகாரில் ஏமாற்றத்தை எதிர்பார்த்துப் போங்கள், அதற்கு மருந்தும் கொண்டுபோங்கள். காவிரி கடலில் சேரும் இடத்தைக் காட்டியதும், "ஸ்ரீரங்கத்துல பார்த்த காவிரியா இது?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். அங்கேயே, அந்த மணலிலேயே, ஒரு குச்சியை எடுத்து வரைந்து காட்டுங்கள். இதோ கொள்ளிடம் பிரிகிறது, இதோ வெண்ணாறு, இதோ குடமுருட்டி, இதோ அரசலாறு. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். தண்ணீரையெல்லாம் வழிநெடுகக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு கடலுக்கு வருகிறது. இதைச் சொல்லி முடித்தால் ஏமாற்றம் போய்விடும், பலர் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம். 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைவிட, பல்லவனீச்சரத்தில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம்தான் எனக்குப் பிடித்தது. பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தச் செங்கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். இன்றைய செங்கல்லைவிட எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இரவு தரங்கம்பாடியில் தங்குவது அவசியம். பகலில் வந்து கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த ஊர் கிடைப்பதில்லை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு எல்லோரையும் எழுப்பி, 1792இல் கட்டிய நகர வாயிலிலிருந்து கடலை நோக்கி நடக்கவிடுங்கள். அரை கிலோமீட்டர்கூட இல்லை. வழியில் புதிய எருசலேம் தேவாலயம். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1718இல் கட்டியது, மறுவருடமே இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்தத் தெருக்களில்தான், 1714, 1715இல். தெருக்கோடியில் டேனியக் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க 1620இல் எழுந்தது, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. இவ்வளவும் வேனிலேயே சொல்லி முடித்திருக்க வேண்டும்.

நடையின்போது நான் பேசுவதில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்னால் போய் நிறுத்துவேன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. சூரியன் எழும்பும்போது அலை வந்து கற்களில் மோதுவதை மட்டும் பார்க்கவிடுங்கள். இருபது நிமிடம் சும்மா நிற்பது முதலில் சங்கடமாக இருக்கும், அப்புறம் கிளம்பச் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள்.

காரைக்காலில் அம்மையார் கோயில், காலை உணவு, டீசல். அவ்வளவுதான். திருக்கடையூரையும் திருநள்ளாற்றையும் கேட்பார்கள். தனியாக ஒரு நாள் வந்து நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன், இந்தப் பயணத்தில் சேர்த்தால் இரண்டும் கெடும்.

நாகூர் தர்காவுக்கு மாலை ஐந்துக்குள் போய்விடுங்கள். பெண்கள் தலையில் துணி போட்டுக்கொள்ள வேண்டும், ஆண்களுக்கு ஒரு கைக்குட்டை. ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இதை நீங்கள் சொன்னதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுங்கள். புறாக்கள் சிறகடித்து எழும்பும். எல்லா மதத்தாரும் நேர்ந்துகொண்டு வருவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் விளக்க வேண்டியதில்லை. வெளியே வந்ததும் சூடான இறால் வாடா, இனிப்புக்குத் தம்ரூட்.

நாகப்பட்டினத்தில் மறுநாள் காலை ஐந்தரைக்கு மீன்பிடித் துறைமுகம். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். ஏலம் விடுகிறவருக்கும் கூடைக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள், அங்கே ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் காசு. ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் கொட்டுகிற சத்தத்தில் எதுவும் கேட்காது, அதனால் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்: படம் எடுக்கும்முன் கேட்க வேண்டும். இன்னொன்றையும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். "உங்க வீட்ல யாராவது போனாங்களா" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் நின்று முழுசாகக் கேளுங்கள். ஒருமுறை வலை சீராக்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணன், கேட்காமலே, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று வேளாங்கண்ணிக்குத் தாமதமாகத்தான் போனோம். அப்படி ஒரு மணி நேரம் வந்தால் அட்டவணையை விட்டுவிடுங்கள்.

சோழர் காலத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. ஸ்ரீவிஜய மன்னர் கட்ட, ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்தான். இன்று காட்ட ஒரு சுவரும் இல்லை. வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் வேனில் சொல்வேன். புத்தர், நாகூர் தர்காவில் அடங்கிய சாகுல் ஹமீது, வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா என்று பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் கடல் கொண்டுவந்து சேர்த்ததை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்த நாட்களில் இந்தப் பயணம் நடக்காது.

வெள்ளி மாலை வேதாரண்யம். அப்பர் பாடித் திறந்த, சம்பந்தர் பாடி அடைத்த கதவு உள்ள கோயில் ஒரு பக்கம். எனக்கு முக்கியம் அகத்தியம்பள்ளி உப்பளம். உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து புறப்பட்டவர்கள் 30ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் மிரட்டினார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இதைச் சாலையோரம் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம் பாத்திக்கு நடந்து போங்கள், வரப்பில்தான் நடக்க வேண்டும். நான்கு மணிக்கு மேல் வெயில் சாயும்போது உப்பு வாருவார்கள். நீளக் கைப்பிடி போட்ட பலகையால் இழுக்கும்போது தண்ணீருக்கடியிலிருந்து வெள்ளை வரிசையாக எழும்பி வரும். ஓர் அக்காவிடம் கேட்டுப் பலகையை வாங்கி எங்கள் கூட்டத்து இளைஞன் ஒருவன் இழுத்துப் பார்த்தான். மூன்றாவது இழுப்பில் கையை உதறினான். "காலப் பாருங்க தம்பி" என்று அந்த அக்கா தன் பாதத்தைக் காட்டினார். வெடிப்புகளில் உப்பு ஏறி, தோல் பாளம் பாளமாக இருந்தது. கூடியிருந்தவர்கள் ஒன்றும் பேசவில்லை. அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்றால் அதற்குக் காசு கொடுங்கள், ஆளுக்கு இரண்டு கிலோ உப்பும் அங்கேயே வாங்குங்கள்.

சனிக்கிழமை விடியும்முன் கோடிக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவித்த காடு. சாம்பல், கறுப்பு, பழுப்பு ஆடைதான் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். பளிச்சென்ற ஆடையைப் பார்த்தால் வெளிமான் கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். பூநாரைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது தண்ணீரைப் பொறுத்து மாறும், வனக் காவலர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஆளுக்கொரு தொலைநோக்கி வேண்டாம், நல்லதாக இரண்டு போதும். கையிலிருந்து கைக்கு மாறும்போதுதான் "அதோ, அந்த மூணாவது" என்று பேச்சு வருகிறது. 2018 கஜா புயலில் இந்தக் காடு பட்ட பாட்டை முறிந்த மரங்கள் சொல்லும். கடற்கரையில் நின்ற பழைய சோழர் கலங்கரை விளக்கம் சுனாமியில் விழுந்துவிட்டது.

ஊர் திரும்ப மாலை ரயிலுக்கே டிக்கெட் போடுங்கள். மதிய ரயிலுக்குப் போட்டால் பறவை பார்க்க வேண்டிய காலை முழுக்க எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.