கடை வேலையும் பரீட்சையும் ஒன்றாக நெருக்கும்போது

காரைக்குடியில் பகலெல்லாம் ஜவுளிக்கடையிலோ ஆடிட்டர் ஆபீசிலோ நின்றுவிட்டு, மிச்ச நேரத்தில் தொலைநிலைப் பட்டத்துக்கோ டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கோ படிக்கிறவர்கள் நிறையப் பேர். நேரமே இல்லை என்பார்கள். கிடைக்கிற ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், புத்தகத்தைத் திறந்த பிறகுதான் எதைப் படிக்கலாம் என்ற யோசனையே தொடங்குகிறது. அதிலேயே இருபது நிமிடம் போய்விடும். கை போனைத் தேடும். அதனால் எதைப் படிப்பது என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். காலையில் உட்காருவது படிக்க மட்டும்தான்.

அதற்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். பழைய செட்டிநாட்டுக் கணக்கில் வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்துவிட்டு, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே முறைதான். பத்து நிமிடம் உட்கார்ந்து தலையில் சுற்றுவதையெல்லாம் எழுதுங்கள்: ஜிஎஸ்டி பில், அசைன்மென்ட், கரண்ட் பில், தங்கை கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும். மனதில் ஒரே சமயத்தில் மூன்று நான்கு விஷயங்களுக்கு மேல் நிற்காது; மிச்சமெல்லாம் வந்து வந்து குறுக்கிடும். முடியாத வேலைக்கு எப்போது, எப்படி என்று ஒரு திட்டம் எழுதி வைத்தாலே அந்தக் குறுக்கீடு குறைகிறது என்று 2011-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. வேலை முடிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

எழுதும் விதம் முக்கியம். ‘பொருளாதாரம் படிக்கணும்’ என்ற வரியால் பயன் இல்லை. அதைப் பார்த்தாலே மலைப்புதான் வரும். ‘பணவீக்கம், பக்கம் 41–47, பின்னாலுள்ள 8 கேள்வி, காலை 5.15’ என்று எழுதுங்கள். பிறகு அதில் ஒன்றே ஒன்றுக்கு வட்டம் போடுங்கள். மூன்றுக்கு வட்டம் போடுகிறவர்கள் மூன்றையும் தொட்டு வைப்பார்கள், ஒன்றும் முடியாது. கலர் பேனாவில் அழகாக அட்டவணை போடுவதும் வேண்டாம். படித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்து ஏமாற்றிவிடும்.

எதற்கு வட்டம் போடுவது என்று குழம்பினால், குரூப் 4 எழுதுகிறவர்கள் தமிழுக்கே போடலாம். 200 கேள்வியில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய வீடு இருந்தாலும் பலர் தவறான இடத்தில் உட்காருகிறார்கள். முகப்புத் திண்ணையில் காற்று நன்றாக வரும். தெருவில் போகிறவர்களும் நின்று, ‘என்ன தம்பி, பரீட்சை எப்ப?’ என்று கேட்பார்கள். வளவுத் (உள்முற்றத்துத்) தாழ்வாரத்தில் வெளிச்சம் உண்டு, ஆனால் வீட்டார் நடமாட்டம் எல்லாம் அந்த வழியாகத்தான். சாப்பிட்ட கையோடு ஆத்தங்குடிக் கல் தரையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்தக் குளிர்ச்சிக்குத் தூக்கம் உறுதி. விடியற்காலையில் வளவுக்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டில், விளக்கு வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி (இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம்) ஒரு மேசை, முதுகு சாயாத ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். போன் முகப்பிலேயே இருக்கட்டும். கவிழ்த்துப் பக்கத்தில் வைப்பது போதாது. முதலாளியும் வீட்டாரும் கூப்பிடுவார்களே என்றால், ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பில் அந்த இரண்டு எண்களுக்கு மட்டும் மணி அடிக்க விடலாம்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் எழுந்து நடப்பது. இப்படி இரண்டு சுற்று. இடைவேளையில் போன் பார்த்தால் ஐந்து நிமிடம் ஐம்பது ஆகும். தண்ணீர் குடிக்கலாம், வாசலுக்குப் போய் வரலாம். இரண்டாவது சுற்றின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது. தாளில் பாதி வெற்றிடமாக இருந்தால் பதற வேண்டாம். நாளைக்கு எதைப் படிப்பது என்று அந்த வெற்றிடமே காட்டிவிடுகிறது.

மதியம் 2.30-க்கு மேல் கடை ஆறப்போட்ட மாதிரி இருக்கும். அப்போது புதுப் பாடம் எடுக்காதீர்கள். பழைய வினாத்தாள், சட்டைப்பையில் குறிப்பெழுதிய பத்துத் துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். வாடிக்கையாளர் வந்துவிட்டால் எழுந்திருக்கும் முன் ஒரு வரி குறியுங்கள்: ‘கேள்வி 6, விடை சரிபார்’. ‘அண்ணே, இதோ வந்துட்டேன்’ என்று சொல்கிற நேரம்தான் ஆகும். அந்த வரி இல்லாமல் எழுந்தால் புடவை விரிக்கும்போது பாடமும், திரும்பி வந்தபின் புடவை விலையும் மனதில் ஓடும்.

ஆவணி முகூர்த்தம், தீபாவளி மாதம், மாசி–பங்குனி முத்துமாரியம்மன் திருவிழா நாட்களில் இந்த அட்டவணை நிற்காது. மைக் செட் ஒரு பக்கம், இரவு பதினொன்று வரை கடை ஒரு பக்கம். அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே ஒரு குறைந்தபட்ச அளவு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 15 நிமிடம், 10 கேள்வி. விட்டதைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் என்று திட்டமிடாதீர்கள். மூன்றாவது மணியில் அலுத்து, திங்களும் சேர்ந்து போகும். மாலை ஆறுக்கு மேல் காபியைக் குறைத்தால் ஐந்து மணி எழுச்சி எளிதாகும். காபியின் வேகம் பாதி இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நோட்டைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் இது அட்டவணையால் தீரும் விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.