பழைய சுடிதார் டாப் போதும்: கர்ப்ப காலத்துக்கும் பாலூட்டும் காலத்துக்கும் ஒரே உடை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் தினமும் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு உடை விஷயத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. அது காற்று. ஜூன் பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று பஸ் நிறுத்தத்தில் நிற்பவரின் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகும். பாலூட்டும்போது மேலே போட்டுக்கொள்ளக் கடைகளில் விற்கிறார்களே, அந்தப் போர்வைத் துணி இந்தக் காற்றில் குடையாக விரியும். மார்ச், ஏப்ரலிலோ வெயில் 40 டிகிரியைத் தொடும். குழந்தையின் முகத்தை மூட மனம் வராது. ஆகவே மறைப்பு உடையிலேயே இருக்க வேண்டும். மடியில் குழந்தை இருக்கும்போது ஒரு கையால் திறந்து மூடவும் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

புதுத் துணி வாங்காமல், வீட்டிலிருக்கும் பழைய பருத்தி டாப்பை மாற்றும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும். மாற்றம் இரண்டு: வயிற்றுக்கு இடம் கொடுக்கப் பக்கவாட்டில் கலி (மேலே குறுகி அடியில் விரியும் ஒட்டுத்துணி), பாலூட்ட முன்பக்கம் இரண்டு ஜிப்.

தேவையானவை

முழங்காலுக்குக் கீழே இறங்கும், தளர்வான பருத்தி டாப் ஒன்று. வயிறு பெருக்கும்போது முன்பக்கம் மேலே ஏறிவிடும் என்பதால் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. பூப்போட்டதோ கட்டம் போட்டதோ நல்லது. ஜிப்பும் தெரியாது, பால் கசிந்த ஈரமும் தெரியாது. வெளிர் நிற ஒற்றை வண்ணத் துணியில் இரண்டும் ஊருக்கே தெரியும்.

கலிக்கு, அந்த டாப்பின் துப்பட்டா பருத்தியாக இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பொருந்தும் நிறத்தில் ஒரு மீட்டர் பருத்தித் துணி வாங்கி, ஒருமுறை நனைத்து உலர்த்திய பிறகு வெட்டுங்கள். டாப் ஏற்கெனவே பலமுறை தண்ணீர் பார்த்துச் சுருங்கியது. புதுத் துணியை நனைக்காமல் சேர்த்தால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி இழுக்கும்.

9 அங்குல நைலான் ஜிப் இரண்டு. உலோகப் பல் உள்ள ஜிப் வேண்டவே வேண்டாம். குழந்தையின் கன்னம் படுகிற இடம் அது. மற்றவை நூல், தையல் சாக்பீஸ், இஞ்ச் டேப், குண்டூசி, இஸ்திரிப் பெட்டி. குண்டூசிகளை எண்ணி எடுத்து, முடிந்ததும் எண்ணிப் போடுங்கள். கைக்குழந்தைக்கான உடையில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

படி 1: பக்கத் தையலைப் பிரிப்பது

டாப்பை உள்வெளியாகத் திருப்பி, இரு பக்கத் தையலையும் கீழ் ஓபனிலிருந்து (பக்கவாட்டில் தைக்காமல் விட்ட திறப்பு) மேல்நோக்கிப் பிரியுங்கள். மார்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அக்குள் வரை போக வேண்டாம். அங்கே துணி கூடினால் தோள் சரியும். பிரித்த ஓரத்தையும், ஓபனில் மடித்திருந்த மடிப்பையும் இஸ்திரி போட்டுத் தட்டையாக்குங்கள். அடி மடிப்பையும் இப்போதே பிரித்துவிடலாம்.

படி 2: ஜிப் வைப்பது

வேலையில் பாதி இதுதான். நிதானமாகச் செய்யுங்கள். பக்கங்கள் திறந்திருக்கும்போதே செய்வதற்குக் காரணம், முன்துணி மேசைமேல் தட்டையாகக் கிடக்கும் என்பதுதான்.

முதலில் டாப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, இரு பக்கமும் மார்பின் நடுப்புள்ளியைச் சாக்பீஸால் குறியுங்கள். கழற்றி விரித்து, அந்தப் புள்ளிக்கு 3 அங்குலம் மேலிருந்து 6 அங்குலம் கீழ் வரை நேர்கோடு போடுங்கள். மொத்தம் 9 அங்குலம். மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் விடக் காரணம் உண்டு: பிரசவத்துக்குப் பிறகு பால் கட்டும்போது அளவு கூடும், புள்ளியும் இறங்கும். இரு கோடுகளும் கழுத்தின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

இனி ஜிப் உட்கார டாப்பில் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும். 3 அங்குல அகலம், 12 அங்குல நீளத்தில் இரண்டு பட்டி வெட்டுங்கள். ஒரு பட்டியை டாப்பின் வெளிப்பக்கத்தின்மேல், நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் ஒட்டும்படி, கோட்டின்மேல் நடுவாக வைத்துக் குத்துங்கள். பட்டியின் மேல் 9 அங்குல நீளமும் மூன்று நூல் அகலமும் கொண்ட பெட்டி வரையுங்கள் (தையற்காரர் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல்). அந்தப் பெட்டியின் கோட்டின்மேலேயே சிறிய தையலாகச் சுற்றித் தையுங்கள். மூலைகளில் ஊசி துணிக்குள் இருக்கும்படி நிறுத்தி, இயந்திரத்தின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பினால் மூலை கூர்மையாக வரும்.

அடுத்து, பெட்டியின் நடுவே இரண்டு துணியையும் சேர்த்து வெட்டுங்கள். முனைக்கு அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, அங்கிருந்து இரு மூலைகளுக்கும் சாய்வாக வெட்டுங்கள். கத்தரி தையலைத் தொடக் கூடாது. தொடாமல் வெகுதூரத்திலும் நின்றுவிடக் கூடாது. ஒரு இழை தூரம். தூரத்தில் நின்றால் மூலையில் சுருக்கம் விழும், தையலை வெட்டினால் மூலை கிழியும். வெட்டியதும் பட்டி முழுவதையும் அந்தத் துவாரம் வழியாக உள்ளே தள்ளித் திருப்பி, நன்றாக இஸ்திரி போடுங்கள். முன்பக்கம் ஒரு சுத்தமான நீள ஜன்னல் கிடைத்திருக்கும்.

ஜிப்பை ஜன்னலுக்குப் பின்னால் வையுங்கள். மூடியிருக்கும்போது ஓட்டி (பிடித்து இழுக்கும் பகுதி) மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் திறந்ததும் அது கீழே போய், குழந்தையின் முகத்திலிருந்து விலகி நிற்கும். குண்டூசியை நம்பாமல் கையால் பெரிய ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திவிட்டு, பிறகு ஜன்னலைச் சுற்றி வெளிப்பக்கமாக ஓரத்தையல் போடுங்கள். இயந்திரத்தில் ஜிப் தைக்கும் ஒற்றைப் பாதம் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உள்ளே ஒரு காப்புப் பட்டி. 2 அங்குல அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஜிப்பின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் தைத்துவிடுங்கள். பல் உங்கள் தோலில் உராயாது. தையற்கடையில் கொடுத்தால் பெரும்பாலும் இந்தப் பட்டியை விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

படி 3: கலி சேர்ப்பது

பிரித்த இடத்தின் உச்சியிலிருந்து அடி வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்தில், மேல் நுனி 1 அங்குலமும் அடி 12 அங்குலமும் இருக்கும்படி இரண்டு கலி வெட்டுங்கள். நுனியின் 1 அங்குலம் முழுவதும் தையலுக்குள் போய்விடும். 30 அங்குல நீளக் கலியானால், உச்சியிலிருந்து 9 அங்குலம் கீழே, அதாவது வயிறு முன்வரும் இடத்தில், இரண்டு பக்கமும் சேர்த்து ஆறரை அங்குலம் போலக் கூடும். ஏற்கெனவே தளர்வான டாப்புக்கு இது கடைசி மாதம் வரை தாங்கும்.

நாடாவும் இதே தையலில் சேர வேண்டும். 24 அங்குல நாடா இரண்டு தைத்து, கலியும் முன்துணியும் சேரும் இடத்தில், நுனிக்கு 2 அங்குலம் கீழே இடையில் வைத்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றுக்கு மேலே தளர்வாகப் பின்னால் முடியலாம். பிரசவத்துக்குப் பிறகு இழுத்து முடிந்தால் டாப் பழைய அளவுக்கு வந்துவிடும். கலியை மேலிருந்து கீழாக, அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். சரிவாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும் என்பதால், தைக்கும்போது இழுக்காதீர்கள். பிசிறை ஓவர்லாக் போடுங்கள், அல்லது அடுத்தடுத்து இரண்டு தையல் ஓட்டுங்கள்.

படி 4: அடி மடிப்பு

உடனே மடிக்க வேண்டாம். ஓர் இரவு கொடியில் தொங்கவிடுங்கள். கலி தன் எடையில் இறங்கி நிற்கும். மறுநாள் ஒழுங்கு செய்து மடித்துத் தைத்தால் போதும்.

படி 5: ஒரு கைச் சோதனை

டாப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். மூன்று கிலோ துவரம்பருப்புப் பையை இடக்கையில் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, வலக்கையால் மட்டும் இடப்பக்க ஜிப்பைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு கை மாற்றி மறுபக்கம். ஓட்டி சிக்கினால் ஜிப்பின் பல்மேல் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். அப்போதும் சிக்கினால் காப்புப் பட்டி பல்லுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். பிரித்து ஒரு நூல் தள்ளித் தையுங்கள். வீட்டில் யாராவது "பருப்புக்கு என்ன தாலாட்டு?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

சேலை கட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. முன்கொக்கி ரவிக்கையும் முந்தானையும் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்கின்றன. ஆனால் ஆசிரியைகள் சேலைதான் கட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது எனக் கேரள உயர்கல்வித் துறை 2021-இல் உத்தரவிட்டது. கேரளத்திலுள்ள உங்கள் கல்வி நிறுவனத்தில் இன்னும் சேலையை வற்புறுத்தினால் இதை நினைவூட்டலாம்.

வேலைக்குத் திரும்பிய பிறகு

கசிவுக்குத் திண்டு கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய பனியன் துணியில் 4 அங்குல வட்டமாக வெட்டி, நாலைந்து அடுக்காகச் சேர்த்து ஓரம் தைத்தால் போதும். நிறையத் தைத்துவையுங்கள், மழைக்காலத்தில் எதுவும் ஒரு நாளில் காயாது. அலுவலக மேசையில் மாற்று டாப் ஒன்றும் இருக்கட்டும்.

பாலைப் பீய்ச்சி எடுத்துவைப்பவர்களுக்கு: 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் என்பது பொதுவான வரம்பு. இங்கே கோடையில் அறை 25 டிகிரியில் நிற்பதில்லை. அதனால் எடுத்தவுடன் உறைந்த ஐஸ் பொதிகளுடன் வெப்பம் புகாத பைக்குள் வைத்துவிடுங்கள்; அதில் 24 மணி நேரம் வரை தாங்கும். மாலை பஸ்ஸில் சன்னலோரம், வெயில் படும் பக்கம் பையை வைக்காதீர்கள்.

மகப்பேற்றுப் பயன் சட்டம் 1961-இல் வந்தது. 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு என்றானது. பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். திரும்பி வந்த பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும்; நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்பதைவிட, விடுப்பு முடிவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. நீங்கள் இறங்கும் நிலையத்தில் அறை திறந்திருக்கிறதா, தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறதா என்று முதல் நாளுக்கு முன்பே ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

துவைப்பது பற்றி ஒரு வரி: பால் பட்ட இடத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் கறை துணியில் பிடித்துவிடும். ஜிப்பை மூடிவிட்டுத் துவைத்தால் பல் கோணாது.