யாழ்ப்பாண வெக்கையில் ஓவர்கிளாக்: வோல்டேஜ் எவ்வளவு, சூடு எவ்வளவு?

ஓவர்கிளாக் செய்ய, அதாவது புரொசசரைத் தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வெளிக்கிடும் பெடியள் முதலில் பார்ப்பது கிகாஹேர்ட்ஸை, அடுத்து சூட்டை. வோல்டேஜைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள், அதுவும் கொம்பியூட்டர் நின்றுபோன பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் வோல்டேஜுக்கு ஒரு உச்சவரம்பை முடிவு செய்யுங்கள், அடுத்து சூட்டுக்கு ஒன்று, அந்த இரண்டுக்குள்ளும் என்ன வேகம் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் வேகம்.

ஏன் வோல்டேஜ் முதலில்? சூட்டுக்குப் புரொசசருக்குள்ளேயே காவல் இருக்கிறது. எல்லையைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டினால் மெஷினை நிறுத்திவிடும். கையால் போடும் வோல்டேஜுக்கு அந்தக் காவல் இல்லை. பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) 1.5 என்று அடித்தால் பல போர்டுகள் எழுத்தைச் சிவப்பாக்கிக் காட்டும், அவ்வளவுதான், பிறகு கேட்டதைக் கொடுத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. கொஞ்சக் காலம் போக, முன்பு 1.3 வோல்டில் நிலையாக ஓடிய அதே வேகத்துக்கு 1.35 கேட்கும், பிறகு அதுவும் போதாமல் போகும். உள்ளே நடந்த தேய்மானம் திரும்பி வராது. சூடும் வோல்டேஜும் சேர்ந்தால் அது இன்னும் விரைவாக நடக்கும்.

ஒரு கணக்கு: மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.2 வோல்டை 1.35 ஆக்கினால் வோல்டேஜ் கூடியது 12.5 சதவீதம்தான், ஆனால் வேகத்தைத் தொடாமலே செலவும் சூடும் ஏறத்தாழ 27 சதவீதம் கூடிவிடும். கடைசி 100 மெகாஹேர்ட்ஸுக்காக 0.05 வோல்ட் ஏற்றுவது எனக்கு எப்போதும் நட்டக்கணக்காகத்தான் படுகிறது.

சரி, எண்களுக்கு வருவோம். இவை தயாரிப்பாளரின் உத்தரவாதம் அல்ல, நாளாந்தம் பாவிக்கும் மெஷினுக்கு ஓவர்கிளாக் செய்பவர்கள் பொதுவாக வைக்கும் எல்லைகள். இரண்டாம் கையாக இன்னும் கைமாறும் 2600கே போன்ற பழைய இன்டெலுக்கு 1.35 வரை. 6ஆம் தலைமுறையிலிருந்து 10 வரை 1.35, நல்ல கூலர் இருந்தால் 1.4, அதற்கு மேல் வேண்டாம். 12ஆம் தலைமுறை தொடக்கம் முழுச்சுமையில் 1.3ஐ ஒட்டி நிறுத்துங்கள். ரைசன் 3000, 5000இல் எல்லாக் கோர்களுக்கும் ஒரே வோல்டேஜ் போடுவதென்றால் 1.25 தொடக்கம் 1.3.

ரைசன் வைத்திருப்பவர்களை ஒரு விஷயம் குழப்பும். ஒன்றும் செய்யாமல் விட்டாலே சில வேளைகளில் 1.45, 1.48 என்று காட்டும். அது ஒரு கோர் மட்டும் சிறிது நேரம் பாயும்போது, மின்னோட்டம் குறைவாக இருக்கையில், புரொசசர் தானே கேட்டு வாங்குவது. அதைப் பார்த்துவிட்டு 1.45ஐ நிலையாகப் போட்டால் எல்லாக் கோர்களும் முழுச்சுமையில் அதே வோல்டேஜைத் தாங்க வேண்டிவரும். புரொசசர் கெடுவதற்கு அது நேர் வழி. 5000இலும் அதற்குப் பிறகு வந்த ரைசனிலும் நிலையான வோல்டேஜையே விட்டுவிட்டு, கர்வ் ஒப்டிமைசரில் (ஒவ்வொரு வேகத்துக்கும் புரொசசர் கேட்கும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் செட்டிங்) நெகட்டிவ் 10இல் தொடங்குவதுதான் நல்லது. வோல்டேஜ் குறையும், சூடு குறையும், வேகம் பெரும்பாலும் கூடும்.

ராமின் வேகத்தைக் கூட்டுவதும் ஓவர்கிளாக்தான். 2023இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசசர்கள் சொக்கெட்டோடு கருகின. ராமுக்கு எக்ஸ்போ (ராமின் கூடிய வேகத்தை ஒரேயடியாகப் போடும் செட்டிங்) போட்டதும் போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (புரொசசருக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) அளவுக்கு மேல் ஏற்றிவிட்டன, ஏஎம்டி பிறகு அதை 1.3இல் பூட்டியது. உங்கள் பயாஸ் அதற்கு முந்தியதென்றால் முதல் வேலை அதை அப்டேட் செய்வது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக்கும் இதே பேச்சுத்தான்: 1.55க்கு மேல் வோல்டேஜ் கேட்பதைத் தடுக்கும் மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும் புரொசசரின் உள் நிரல்) 2024 ஓகஸ்டில் வந்தது, அது இல்லாமல் அந்தப் புரொசசர்களில் எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது, பயாஸில் போட்ட எண்ணும் புரொசசருக்குப் போகும் எண்ணும் ஒன்றல்ல. 1.35 போட்டுவிட்டு, வோல்டேஜையும் சூட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்தால் சும்மா இருக்கும்போது 1.34 இருக்கும், புரொசசருக்கு முழுச்சுமை கொடுக்கும் சினிபென்ச் ஓடத் தொடங்கியதும் 1.26க்கு இறங்கும். இந்த இறக்கம் வேண்டுமென்றே வைத்தது. இந்த இறக்கத்தின் அளவை மாற்றும் லோட்லைன் கலிப்ரேஷனை உச்சத்தில் வைத்தால் இறக்கம் மறையும், ஆனால் சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் போட்டதைவிட மேலே துள்ளும், அது மொனிட்டரில் தெரியாத அளவு குறுகிய நேரம். நடு நிலையில் வையுங்கள். எந்த எண் நடு என்பது போர்டுக்குப் போர்டு மாறும், சிலவற்றில் 1 தான் உச்சம், அதனால் பக்கத்தில் உள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள்.

இனிச் சூடு. இன்டெல் 12 தொடக்கம் 14 வரையான கே புரொசசர்களுக்கு (பெயரில் கே உள்ள, வேகம் பூட்டப்படாதவை) எல்லை 100 பாகை, ரைசன் 7000க்கு 95, 7800 எக்ஸ்3டிக்கு 89, 5800எக்ஸுக்கு 90. இவை புரொசசர் வேகத்தைக் குறைக்கும் இடங்கள், நீங்கள் குடியிருக்கும் இடங்கள் அல்ல. நான் வைக்கும் எல்லை சினிபென்சில் 85, கேம் ஓடும்போது 75.

இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. வெளிநாட்டு வீடியோவில் 78 பாகை காட்டுகிறார்கள் என்றால் அவர்கள் அறை 21 பாகை. கூலர் செய்வதெல்லாம் அறைச்சூட்டுக்கு மேல் இத்தனை பாகை என்று பிடித்து வைப்பதுதான், அந்த வீடியோவில் அது 57. அதே செட்டிங்கை சித்திரை மாதம் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே 34 பாகை அறையில் போட்டால் 91 வரும். மார்கழி, தை இரவில் வாடைக்காற்று வீசும்போது சோதித்துப் பார்த்துவிட்டு "நல்லா ஓடுது" என்று விட்டவர்களுக்குச் சித்திரையில் மெஷின் நிற்பது இதனால்தான். ஒரு சாதாரண வெப்பமானியைக் கேசிங்கின் முன் ஃபேனுக்குப் பக்கத்தில் வைத்து அளவுங்கள். தையில் அது 26 காட்டினால், 85க்குப் பதில் 77ஐ எல்லையாக வைத்துச் சோதியுங்கள்.

சோளகம் தொடங்கினால் புழுதி. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் என்றால் செம்மண் புழுதி, ஃபேன் இறக்கையில் படிந்தது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடைப்பது அது அல்ல. ஃபேனைக் கழற்றிப் பின்னால் உள்ள அலுமினியத் தகடுகளைப் பாருங்கள், முதல் மில்லிமீற்றரில் கம்பளி மாதிரி ஒரு படை இருக்கும். மென்மையான தூரிகையால் அதை எடுத்தாலே பல பாகை இறங்கும்.

வேலையைச் செய்யும் முறை இதுதான். கையில் கே புரொசசரும் இசட் போர்டும் (ஓவர்கிளாக் செய்ய விடும் இன்டெல் போர்டு), அல்லது பூட்டில்லாத ரைசன் இருக்க வேண்டும். எதையும் மாற்றாமல் அரை மணித்தியாலம் சினிபென்ச் ஓட்டி, சுமையிலுள்ள வோல்டேஜையும் உச்சச் சூட்டையும் கொப்பியில் எழுதுங்கள். பிறகு வோல்டேஜை உங்கள் எல்லைக்குக் கொஞ்சம் கீழே வைத்து, மல்டிபிளையரை (வேகத்தை முடிவு செய்யும் பெருக்கெண்) ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நின்றாலோ, விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ பிழை (ஹார்ட்வெயார் பிழைப் பதிவு) விழுந்தாலோ ஒரு படி இறங்குங்கள், வோல்டேஜை ஏற்றாதீர்கள். பிழை விழுந்தும் மெஷின் ஓடுகிறதே என்று விட்டால் ஒருநாள் ஃபைல் பழுதாகும். கடைசியில் ஓசிசிடி, பிரைம்95 என்ற சோதனைப் புரோகிராம்களில் ஒன்றை ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள்.

சோதனையின்போது யூபிஎஸ் கீச்சிட்டால் அதையும் கவனியுங்கள். 650 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் வரைதான் தாங்கும், ஓவர்கிளாக் செய்த புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும், கரண்ட் போன கணத்தில் எல்லாம் அணையும். அதைப் புரொசசரின் குற்றம் என்று நினைத்து வோல்டேஜை ஏற்றிவிடாதீர்கள்.

திரை வராமலே போனால் பதற வேண்டாம். பிளக்கைக் கழற்றி, போர்டில் உள்ள வட்ட பற்றறியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வரும், கொப்பியில் எழுதிய எண்களிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.