ஜி.பி.எஸ். ஸ்வாப்: ஏற்காட்டில் எடுத்தது சேலம் லேப் சேரும்வரை

குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (ஜி.பி.எஸ்.) என்ற பாக்டீரியா தாயின் குடலிலும் பிறப்புவழியிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றினால் ரத்தத்தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரை போகும். நம் பக்கம் எல்லாக் கர்ப்பிணிக்கும் இதைக் கண்டறியும் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) சோதனை வழக்கமில்லை, டாக்டர் எழுதினால்தான்.

36 வாரம் நிறைந்ததிலிருந்து 37 வாரம் 6 நாளுக்குள் எடுங்கள். முடிவு 5 வாரம்தான் செல்லும். இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரில் ஜி.பி.எஸ். வந்திருந்தாலோ, முந்தைய குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தாலோ ஸ்வாப்பே தேவையில்லை. பிரசவத்தில் நேரே மருந்துதான்.

ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வேண்டாம். யோனியின் கீழ்ப்பகுதியில் ஸ்வாப்பைச் சுழற்றி, அதே ஸ்வாப்பை ஆசனவாய்ச் சுருக்குத்தசையைத் தாண்டிச் சற்று உள்ளே விட்டு எடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழக்கத்தில் எச்.வி.எஸ். (யோனியின் மேல்பகுதி ஸ்வாப்) மாதிரி மேலே எடுத்து அனுப்பிவிடுவதுதான் பெரிய தவறு. கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரும்.

எடுத்த கையோடு ஏமிஸ் அல்லது ஸ்டூவர்ட் மீடியத்தில் (கிருமியை லேப் வரை உயிரோடு வைக்கும் ஊடகம்) போட்டு மூடுங்கள். இனி எதிரி வெயில். ஏற்காட்டில் குளிராக இருக்கிறதே என்று பையில் போட்டு, பஸ்ஸில் என்ஜின் பக்கம் வைத்தால், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தின் சித்திரை வெயிலில் லேப் தேடி அலைவதற்குள் கிருமி குறைந்துவிடும். ஐஸ்பேக் வைத்த டப்பாவில், ஐஸ் நேரே படாமல் துணி சுற்றி, அன்றைக்கே அனுப்புங்கள். முடியாவிட்டால் 4 டிகிரி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

படிவத்தில் வெறுமனே 'கல்ச்சர்' (கிருமி வளர்ப்புச் சோதனை) என்று எழுதாதீர்கள். 'ஜி.பி.எஸ். கல்ச்சர்' என்றிருந்தால்தான் லேபில் முதலில் லிம் பிராத் என்ற வளர்ப்புத் திரவத்தில் 18 முதல் 24 மணி நேரம் வளர்த்துப் பிறகு பிளேட்டில் போடுவார்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் அதையும் எழுதுங்கள். மாற்று மருந்தான கிளிண்டாமைசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் பார்ப்பார்கள்.

பாசிட்டிவ் என்றால் உடனே மாத்திரை கொடுப்பதில் பயனில்லை, பிரசவத்துக்குள் கிருமி திரும்பிவிடும். வலி தொடங்கியதும் அல்லது பனிக்குடம் உடைந்ததும் நரம்பு வழியாகப் பென்சிலின் 50 லட்சம் யூனிட், பின் 4 மணிக்கொருமுறை 25 முதல் 30 லட்சம், குழந்தை பிறக்கும்வரை. ஆம்பிசிலின் என்றால் 2 கிராம், பின் 4 மணிக்கொருமுறை 1 கிராம். பிரசவத்துக்கு 4 மணி நேரம் முன்பே முதல் டோஸ் ஏறியிருப்பது நல்லது. அதனால் நாகலூர், வெள்ளக்கடை போன்ற மலைக்கிராமப் பெண்களிடம் 'வலி பலக்கட்டும்' என்று காத்திருக்க வேண்டாம் என முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிவு கையில் இல்லாமல் வலி வந்தால் மூன்றைப் பாருங்கள்: 37 வாரம் ஆகவில்லையா, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆகிவிட்டதா, காய்ச்சல் 38 டிகிரியா. ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் அப்போதே சொல்லுங்கள்.