‘தொட்டில்’ படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகலாம்

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோ 1872-ல் வரைந்த ‘தொட்டில்’ முதல் நகலுக்கு நல்ல படம்: அறைக்குள் ஒரு பெண், தூங்கும் குழந்தை, நடுவே மெல்லிய திரை. மூலம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பாளையங்கோட்டையில் இருக்கும் நமக்கு ஒரு தெளிவான பிரிண்ட் போதும்.

முகத்தில் தொடங்காதீர்கள். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தால் இருட்டுகளை மட்டும் பூசி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கரிய உடையும் திரையும் சரியாக உட்கார்ந்த பிறகே நிறத்துக்குப் போங்கள். திரை முழுக்க வெள்ளை என்று நினைத்தால் போச்சு; சாம்பல் நீலம்தான் அதிகம், சுத்த வெள்ளை கடைசியில்.

மேல்பூச்சில் லின்சீட் எண்ணெய் (ஆளி விதை எண்ணெய்) கூடணும், குறைந்தால் பூச்சில் விரிசல் விழும். குற்றாலச் சாரல் சமயத்தில் தென்காசிப் பக்கம் காய நாளாகும், பொறுங்கள். அப்புறம், எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவிடுங்கள்.