1968-ஐச் சுழற்றிப் பார்ப்போம்: தொடக்க நிலையினருக்கான ஒரு சிறு நிரல்

மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு வகுப்பில் ஆங்கிலம், திடலில் கிரியோல். தமிழுக்குக் கிடைப்பது தமிழ்ப் பாடவேளை மட்டும். அந்த வேளையில் நிரலும் எழுதலாமே என்று எழில் மொழியை எடுத்துக்கொண்டேன். பைத்தானின் மேல் கட்டப்பட்ட தமிழ் நிரல்மொழி அது.

முதலில் தாளில் செய்து பாருங்கள். நாடு விடுதலை பெற்ற ஆண்டு 1968. கடைசி இலக்கத்தை எடுத்து முன்னால் வையுங்கள்: 8196. மறுபடியும்: 6819. இன்னொரு முறை: 9681. நான்காம் முறை 1968 திரும்பிவிடும். எனவே நான்கு இலக்க எண்ணுக்கு மூன்று சுழற்சிகள் போதும். அவற்றுள் எது பெரியது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

முதல் படி, இடமதிப்பு. முன்னால் போகும் இலக்கம் ஆயிரத்தின் இடத்தில் அமர வேண்டுமா, நூறின் இடத்திலா என்பது நிரலுக்குத் தெரிய வேண்டும்.

தொடக்க_எண் = 1968
இட_மதிப்பு = 1
@( இட_மதிப்பு * 10 <= தொடக்க_எண் ) வரை
    இட_மதிப்பு = இட_மதிப்பு * 10
முடி

அடைப்புக்குறிக்குள் இருப்பது உண்மையாக இருக்கும் வரை, ‘முடி’க்கு முன்னுள்ள வரி திரும்பத் திரும்ப நடக்கும். இப்போது இட_மதிப்பு 1000. அடுத்து, சுழற்றி ஒப்பிடும் பகுதி:

சுழல்_எண் = தொடக்க_எண்
பெரிய_எண் = தொடக்க_எண்
மீதம் = இட_மதிப்பு
@( மீதம் > 1 ) வரை
    கடைசி = சுழல்_எண் % 10
    சுழல்_எண் = (சுழல்_எண் - கடைசி) / 10 + கடைசி * இட_மதிப்பு
    பதிப்பி சுழல்_எண்
    @( சுழல்_எண் > பெரிய_எண் ) ஆனால்
        பெரிய_எண் = சுழல்_எண்
    முடி
    மீதம் = மீதம் / 10
முடி
பதிப்பி "பெரியது", பெரிய_எண்

பத்தால் வகுத்த மீதியே கடைசி இலக்கம். அதைக் கழித்த பிறகுதான் வகுக்கிறோம், இல்லையென்றால் 196.8 என்று தசமம் ஒட்டிக்கொள்ளும். மீதம் 1000, 100, 10 என்று இறங்குவதால் சரியாக மூன்று முறை சுழலும். முதல் சுழற்சி 8196.0 என்று அச்சானால் பதற வேண்டாம், கணக்கு சரிதான்.

சிக்கல் பூஜ்யத்தில் இருக்கிறது. பிரிட்டிஷார் தீவைப் பிடித்த 1810-ஐக் கொடுத்துப் பாருங்கள். முதல் சுழற்சி 0181. கணினிக்கு அது வெறும் 181. இட_மதிப்பைச் சுழற்சிக்குள்ளேயே மறுபடி கணக்கிட்டால் அது 100 ஆகச் சுருங்கி, அடுத்த விடை 118 என்று வரும். வர வேண்டியது 1018. அதனால்தான் அந்தக் கணக்கை வெளியே, ஒரே ஒரு முறை வைத்தோம். நிரல் முழுவதிலும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்; மற்றவை கைப்பழக்கம்.

சோதிக்க எண்கள் வேண்டுமா? பணப்பையைத் திறந்து மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களைப் பாருங்கள்: 25, 50, 100, 200, 500, 1000, 2000. (1998-இல் வந்த ரூபாய்த் தாள்களில் தமிழும் இந்தியும் இடம் மாறி அச்சாகி, எதிர்ப்பு கிளம்பி, அவை திரும்பப் பெறப்பட்டன. வரிசை மாறினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) இந்த ஏழில் 25 மட்டுமே சுழன்றால் பெரிதாகும், 52 என்று. மற்றவற்றில் முன்னால் இருக்கும், பூஜ்யமல்லாத ஒரே இலக்கம் பின்னால் போகப் போக மதிப்பு சரியும்.

அது முடிந்ததும் 142857-ஐக் கொடுங்கள். வரும் ஐந்து சுழற்சிகளையும் தொடக்க எண்ணால் வகுத்தும் பதிப்பியுங்கள்: 5, 4, 6, 2, 3 என்று முழு எண்களாகவே விழும். ஒன்றை ஏழால் வகுத்தால் தசமத்தில் மறுபடி மறுபடி வருவதும் இந்த ஆறு இலக்கங்களே.