மூக்குத்தி ஷார்ப், கண் பிளர்: அப்பர்ச்சரில் நடக்கும் தவறுகள்

ஒரு கல்யாண வேலை. முகூர்த்தம் முடிந்ததும் மணப்பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்து இருபது படம் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. பின்னால் இருந்த சீரியல் பல்புகள் கரைந்து வட்டம் வட்டமாக நின்றன. இரவு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குத்தியின் ஏழு கல்லையும் எண்ணிவிடலாம், கண் இமைதான் கலங்கியிருந்தது. இருபது படமும் அப்படியே. அந்த நாளைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் இன்றைக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை.

85 எம்எம் லென்ஸ், எஃப் 1.4 (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எண்), ஒன்றரை மீட்டர் தூரம். ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுக்கு இருக்கும் கேமராவில், இந்த அமைப்புக்குத் தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். இந்த ஆழத்துக்குத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று பெயர். ஆட்டோஃபோகஸ் மினுங்கும் கல்லைப் பிடித்துக்கொண்டது. கல்லுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டரும் பின்னால் ஒரு சென்டிமீட்டரும் சொச்சம் கிடைத்தது, கண் அதற்கும் பின்னால் போய்விட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் துளை. லென்ஸின் குவியத் தூரத்தை (50 எம்எம், 85 எம்எம் என்று சொல்வது இதைத்தான்) எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 50 எம்எம் லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ., எஃப் 8 என்றால் 6 மி.மீ. சொச்சம். எண் ஏற ஏறத் துளை சிறுப்பது இதனால்தான். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி இந்தத் துளை வழியே கூம்பாகக் குவிகிறது. கூம்பின் முனை சரியாக சென்சாரில் விழுந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். முன்னேயோ பின்னேயோ விழுந்தால் வட்டமாகப் பதியும். துளை பெரிதாக இருந்தால் கூம்பு தடிமனாகிறது, வட்டமும் பெரிதாகிறது. நாம் பிளர் என்று சொல்வது அந்த வட்டங்களைத்தான்.

இனி தவறுகளுக்கு வருவோம். முதலாவது, அதிகம் பேர் செய்வது: எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் வாங்கியாயிற்று, அதனால் எல்லாவற்றையும் 1.8-இலேயே எடுப்பது. குரூப் போட்டோவில் இது பெரிய இழப்பு. முன்வரிசையில் தாத்தா பாட்டி நாற்காலியில், பின்வரிசையில் பிள்ளைகள் நின்றபடி. இரண்டு வரிசைக்கும் நடுவே முக்கால் மீட்டராவது இருக்கும். 50 எம்எம் லென்ஸில் 3 மீட்டர் தள்ளி நின்று 1.8-இல் எடுத்தால் கிடைக்கும் ஆழம் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு வரிசை கலங்கியே தீரும். ஒரு மீட்டர் பின்னால் போய் எஃப் 5.6 வையுங்கள், இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும். இரண்டே வரிசை என்றால் முன்வரிசை முகத்தில் ஃபோகஸ் வைத்தால் போதும், இந்தத் தூரத்தில் ஆழம் முன்னால் கிடைப்பதைவிடப் பின்னால் அதிகம்.

“மண்டபத்தில் வெளிச்சமே இல்லையே அண்ணா, திறந்து வைக்காமல் என்ன செய்வது?” என்று உதவிக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1.8-இலிருந்து 5.6-க்குப் போனால் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். ஷட்டர் வேகத்தைத் தொடாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 400-இலிருந்து 4000-க்கு ஏற்ற வேண்டிவரும். ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஃபோகஸ் தப்பிய பாட்டியின் முகத்தை எந்த சாஃப்ட்வேரும் உண்மையாகத் திருப்பித் தராது. தாலி கட்டும் நேரத்தில் நான் இப்போது எஃப் 4-க்குக் கீழே இறங்குவதே இல்லை. கை, தாலி, குனிந்த முகம், பின்னால் முடிச்சுப் போடும் நாத்தனார், இவ்வளவும் அந்த ஒரு நொடிக்குள் இருக்கின்றன.

அடுத்தது, ஆழத்தை அப்பர்ச்சர் மட்டுமே முடிவு செய்கிறது என்ற நம்பிக்கை. தூரத்தின் கை அதைவிட ஓங்கியது. அதே 50 எம்எம், அதே 1.8: 2 மீட்டரில் 17 சென்டிமீட்டர் ஆழம், 1 மீட்டரில் வெறும் 4. தூரம் பாதியானால் ஆழம் கால் பங்காகிறது. கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸ் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. 18-55 லென்ஸை 55-க்கு ஜூம் செய்து, இருப்பதிலேயே திறந்த 5.6-இல் வைத்து, ஆளுக்குக் கிட்டே போங்கள். அப்புறம் ஆளைச் சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். சுவரில் சாய்ந்து நிற்பவருக்குப் பின்னால் 1.4 லென்ஸ்கூட ஒன்றும் செய்யாது, ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்தைக் கிட் லென்ஸே கரைத்துவிடும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. திரையின் நடு ஃபோகஸ் புள்ளியில் கண்ணுக்கு ஃபோகஸ் பூட்டிவிட்டு, கேமராவைத் திருப்பி ஃபிரேமைச் சரிசெய்கிறோம். திருப்பும்போது தெளிவாக விழும் தளமும் கூடவே திரும்புகிறது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் 15 டிகிரி திருப்பினால் அந்தத் தளம் கண்ணுக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். எஃப் 8-இல் இது தெரியாது. 1.4-இல் காது ஷார்ப், கண் பிளர். திருப்பாதீர்கள், ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள், அல்லது கேமராவில் கண்ணைத் தேடும் ஃபோகஸ் இருந்தால் அதைப் போடுங்கள்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. கடற்கரையில் முன்னால் படகு, பின்னால் அடிவானம், எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப் 22-க்குப் போவது. துளை மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்தது இதுதான். எஃப் 8-இல் ஒரு புள்ளி 0.01 மி.மீ. அளவுக்குப் பரவினால் 22-இல் 0.03 மி.மீ. ஆகிவிடும். ஆழம் கூடும், ஆனால் படம் முழுக்க ஒரு மங்கல் படியும். 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்ற புகைப்படக் கலைஞர்கள் தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது பெரிய ஃபிலிம் கேமராக்கள். அதில் 300 எம்எம் லென்ஸின் எஃப் 64 துளை ஏறக்குறைய 5 மி.மீ., ஃபிலிமையும் கொஞ்சமாகத்தான் பெரிதாக்க வேண்டும். நம் சின்ன சென்சாருக்கு அது பொருந்தாது. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமராவில் 18 எம்எம், எஃப் 8 வைத்து 2 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் ஃபோகஸ் செய்தால், 1 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். படகுக்கு அது தாராளம்.

மொபைலின் 1.8-ஐயும் கேமராவின் 1.8-ஐயும் ஒன்றாக நினைக்க வேண்டாம். மொபைல் லென்ஸின் குவியத் தூரமே சில மி.மீ.தான், துளை அதைவிடச் சிறியது. போர்ட்ரெய்ட் மோடில் தெரியும் பிளர் கணக்குப் போட்டுச் சேர்த்தது, தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தில் அது பிசிறடிப்பதைப் பார்க்கலாம்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியே பார்க்கும் கேமரா) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வியூஃபைண்டரில் தெரிவது லென்ஸ் முழுக்கத் திறந்த நிலை. நீங்கள் வைத்த எஃப் 8 எப்படி விழும் என்று அது காட்டாது. பல மாடல்களில் லென்ஸ் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன பிரிவியூ பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். எடுத்தபின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை.

உங்கள் லென்ஸின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள ஒரு தையல் டேப் போதும். மேஜையில் நீளவாக்கில் விரித்து, ஒரு மீட்டர் தள்ளி கேமராவைத் தாழ்வாக ஸ்டாண்டில் நிறுத்தி, டேப்பின் நடு எண்ணில் ஃபோகஸ் வைத்து 1.8, 4, 8 என்று மூன்று படம் எடுங்கள். எத்தனை அங்குலத்துக்குக் கோடுகள் தெளிவாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். 50 எம்எம் லென்ஸும் ஃபுல் ஃபிரேம் கேமராவும் என்றால் 1.8-இல் ஒன்றரை அங்குலம் வரும், 8-இல் ஏழு.